வாசகர் கேள்வி – பதில்: மரக்காலை விறகு ஏன் இப்படிப் புகைகிறது?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி, மர ஆலையில் கழித்துவிடும் பட்டைத்துண்டுகளை மலிவாக வாங்கி, புதுவகை உலையொன்றில் எரித்தே குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக்குவதாகவும், புகையே தெரிவதில்லை என்றும் சொல்கிறான். நானும் எங்கள் ஊரில் மரம் அரிந்து விற்கும் மரக்காலையிலிருந்து அதேபோன்ற துண்டுகளை ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றிவந்து நெல் அவிக்கத் தொடங்கினேன். கண் எரிகிறது, கிடாரம் கரிபிடிக்கிறது, பாதி விறகு முடிந்தும் தண்ணீர் கொதித்தபாடில்லை. தம்பியினுடையதைப் போன்ற உலையை இங்கே கட்டலாமா?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உலையை விடுங்கள். அந்தத் துண்டுகளை வாங்கி எத்தனை மாதம் கழித்து எரிக்கிறார் என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு குளிர்காலத்துக்கான விறகை அதற்கு முந்திய இளவேனிலிலேயே, சிலர் அதற்கும் ஓராண்டு முன்பே, அடுக்கிவிடுவார்கள். நீங்கள் ஏற்றிவந்தது அநேகமாக அதே வாரம் அரிந்த மரமாக இருக்கும்.

குற்றியைச் சதுரமாக்குவதற்காக வாள் முதலில் சீவித் தள்ளும் பக்கத்துண்டில் இருப்பது பட்டையும் அதையடுத்த வெளிறும்தான். உயிருள்ள மரத்தில் நீர் ஏறும் பாதை வெளிறு என்பதால், புதிதாக அரிந்த துண்டின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய ஒரு கிலோ விறகு சுமார் 15 மெகாயூல் வெப்பம் தரும். பாதி நீரான ஒரு கிலோ தருவது சுமார் 8 மெகாயூல்தான். அதுவும் எல்லாம் முறையாக எரிந்தால்! விறகைச் சூடாக்கும்போது அதன் உலர்ந்த எடையில் முக்காற்பங்குக்கு மேல் வாயுவாக வெளியேறுகிறது. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். அது முழுமையாக எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். ஈர விறகு அடுப்பை அந்த நிலைக்கு ஏறவிடாது. எரியாத வாயு புகையாகப் போய்விடும். உங்கள் கண்ணைக் கரிக்க வைத்தது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள்தான்.

தம்பியின் உலை போன்றவை, வெப்பம் கசியாத செங்கல் அறைக்குள் இரண்டாம் முறை சூடான காற்றைச் செலுத்தி அந்த வாயுவையும் எரித்துவிடுகின்றன. மெல்லிய துண்டுகள் சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும் என்பதற்காகக் காற்றை அடைத்தால், தார் போன்ற கசடு புகைக்கூட்டில் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆகவே பலர் நெருப்பை முழுவேகத்தில் எரியவிட்டு, கிடைக்கும் வெப்பத்தைப் பெரிய தண்ணீர்த் தாங்கியில் சேமித்து, இரவு முழுவதும் வீட்டுக்குள் சுற்றவிடுகிறார்கள். வன்னி வெக்கையில் உங்களுக்கு அது எதற்கு? நெல் அவிக்கும்போது கிடாரத்துத் தண்ணீரே தாங்கி. குறுகிய நேரத்தில் வேகமாக எரியும் மெல்லிய துண்டு அந்த வேலைக்கு நல்ல விறகு. காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் அவிக்கப்போகும் நெல்லுக்கு, முந்திய சித்திரையிலேயே விறகை வாங்கிவிடுங்கள். பற்றுச்சீட்டை மறவாமல் பெற்றுக்கொள்ளுங்கள். மரம் ஏற்றி வரும் வண்டியை வழியில் மறித்துக் கேட்பார்கள். கறையான் ஏறாதபடி கல்லின்மேல் அரை முழ உயரத்தில், பட்டை மேல்நோக்கியிருக்க, இடைவெளி விட்டு அடுக்குங்கள். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் நமக்கு இலவசமாகக் கிடைத்த உலர்த்தி. ஐப்பசி மழைக்கு முன் மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். அடுக்கு வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டாம். புடையன் பாம்புக்கு அதைவிடப் பிடித்த இடம் கிடையாது. ஒரு துண்டில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. தராசு இல்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்'கென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அடங்கும்.

அடுப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விறகுக்குக் கீழே கம்பித்தட்டு வைத்து அடியிலிருந்து காற்று ஏற வழிவிடுங்கள். உட்சுவரைப் புற்றுமண்ணும் உமியும் குழைத்துப் பூசினால், உமி எரிந்துபோய் நுண்துளைகள் மிஞ்சி, வெப்பம் சுவரில் வீணாகாது. கிடாரத்துக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி போதும்.

கேள்வி: மரக்காலையில் மரத்தூளைச் சும்மா தருகிறார்கள். எரிக்கலாமா?
வாசகர், மாங்குளம்

பதில்: அப்படியே கொட்டினால் நெருப்பு மூச்சுமுட்டி அணைந்துவிடும். பழைய தகரப் பீப்பாவின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு, நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, அதைச் சுற்றிக் காய்ந்த தூளை இறுக்கிக் கெட்டித்தபின் கட்டையை உருவி, அடித்துளையில் தீ மூட்டுங்கள். பல மணி நேரம் நின்று எரியும். கடைசியில் கனன்றுகொண்டிருக்கும் தூளிலிருந்து நச்சுவாயு வரும் என்பதால், பூட்டிய குசினிக்குள் வேண்டாம். கொட்டிலிலோ முற்றத்திலோ வையுங்கள்.