ரோஸ்மில்க், ஜிகர்தண்டா, குச்சி ஐஸ்: கோடையில் எதைக் குறைப்பது, எப்படிக் குறைப்பது?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. லீவு விட்டதிலிருந்து தினமும் இரண்டு வேளை ரோஸ்மில்க், சாயங்காலம் ஐஸ்க்ரீம். மதியம் சோறு இறங்குவதே இல்லை. கணவருக்கு சுகர் பார்டரில் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து குடிக்கிறார். "சீனிக்குப் பதில் கருப்பட்டி போடு, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும்" என்கிறார் மாமியார். ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் ரகளைதான். என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்த வேண்டாம். மதுரை வெயிலில் பிள்ளைகளிடம் "இனி ஐஸ் கிடையாது" என்று சொன்னால், தெருமுனையில் என்ன வாங்கிக் குடிக்கிறார்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். முதலில் அந்த ரோஸ் சிரப் பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள்.

இந்த மாதிரி சிரப்களில் கரைந்த பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. கரைந்த பொருள் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரைதான். ஒரு டம்ளர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலேயே சுமார் 25 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஏழு வயது மகளுக்கு அந்தக் கணக்கு இன்னும் குறைவு. அவள் குடிப்பதோ இரண்டு டம்ளர், அதற்கு மேல் ஐஸ்க்ரீம். மதியம் சோறு இறங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாமியார் சொல்வதில் பாதி சரி. கருப்பட்டியும் சர்க்கரைதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாமே அந்தக் குடும்பம்தான். (தேனை ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, அது தனிக் கதை.) கருப்பட்டியில் கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்புகளும் இருப்பது உண்மை. ஆனால் ஒரு கரண்டியில் வருவது சொற்பம். அதற்காகப் பத்துக் கரண்டி போட முடியாது. உங்கள் கணவருடைய ரத்தத்துக்குச் சீனி எது, கருப்பட்டி எது என்ற பேதமெல்லாம் பெரிதாகத் தெரியாது. "எவ்வளவு வேண்டுமானாலும்" என்ற இடத்தில்தான் மாமியார் தவறுகிறார்.

சரியான பாதி எது என்றால், கருப்பட்டிக்கு வாசனை உண்டு. சீனிக்கு இனிப்பைத் தவிர வேறொன்றும் கிடையாது, அதனால் அள்ளி அள்ளிப் போடத் தோன்றும். கருப்பட்டியைக் கொஞ்சம் போட்டாலே நாக்குக்கு ஏதோ கிடைத்துவிடுகிறது. கோடைப் பண்டங்கள் எல்லாவற்றுக்கும் நான் சொல்லும் வழி இதுதான்: வாசனையைக் கூட்டுங்கள், இனிப்பைக் குறையுங்கள். ஏலக்காய், பன்னீர் ரோஜா, நன்னாரி, சுக்கு, இவற்றோடு ஒரு துளி உப்பு. உப்பும் வாசனையும் இருக்கிற கொஞ்ச இனிப்பையே எடுத்துக் காட்டும்.

ரோஸ்மில்க்கை இன்றே மாற்றப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். இருமல் மருந்தோடு ஒரு அளவு மூடி வருமே, அதைக் கழுவி சிரப் பாட்டில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். முதல் நான்கைந்து நாள் 20 மில்லி, அப்புறம் 15, இரண்டாவது வாரக் கடைசியில் 10. கண்ணளவில் ஊற்றும் கைக்குக் குறைக்கவே தெரியாது, அதற்குத்தான் இந்த மூடி. 10 மில்லிக்கு வந்தபின் நிறம் வெளிறிப்போய்விட்டது என்று மகள் முகம் சுளித்தால், துருவிய பீட்ரூட்டைப் பிழிந்து அரைத் தேக்கரண்டி சாறு விடுங்கள். அதற்கு மேல் போனால் மண்வாசம் வந்துவிடும். பன்னீர் ரோஜா இதழ் கிடைத்தால் ஒரு கைப்பிடியைக் கொதிக்கும் பாலில் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஆறவிட்டு வடிகட்டுங்கள். டம்ளரையும் சின்னதாக்குங்கள். நாளுக்கு இரண்டு வேளை என்பதை ஒன்றாக்கி, அதையும் சாயங்காலம் நாலு மணிக்குத் தள்ளிவிட்டால் மதியச் சாப்பாடு தானாக இறங்கும்.

நிறம் என்றதும் ஒரு விஷயம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். எனவே லேபிள் இல்லாமல், கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறத்தில் விற்கும் ஐஸ், சிரப் எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

இப்போது ஜிகர்தண்டா. மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதை விடச் சொல்ல எனக்கு மனசும் இல்லை, தேவையும் இல்லை. அதில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதி நல்லதுதான். பாதாம் பிசின் மரத்தில் வடியும் கோந்து; நம் உடல் செரிக்காத நார்ச்சத்து. கடல்பாசியும் அப்படித்தான். இனிப்பு ஏறுவது நன்னாரி சர்பத்திலும், பாலில் போடும் சீனியிலும், மேலே வைக்கும் ஐஸ்க்ரீம் உருண்டையிலும். மூன்று இடத்தில் ஏறுவதை ஒரே இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முந்தைய நாள் ராத்திரி ஒரே ஒரு தேக்கரண்டி பாதாம் பிசினைக் கழுவி, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். முதல் தடவை நான் சின்னக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, காலையில் மேடையெல்லாம் வழித்தெடுத்தேன், அவ்வளவு உப்பும். ஊறியதும் பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் நான்கு பேருக்கு வரும். சரியாக ஊறாத பிசினைப் பிள்ளைகள் வாயில் போட விடாதீர்கள், உள்ளே போய் உப்பி அடைத்துக்கொள்ளும்.

நன்னாரியை நாட்டுமருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். தட்டி, நடுவில் இருக்கும் கட்டையான நரம்பை எடுத்து எறியுங்கள். வாசனை தோலில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்த்தோலுக்கு இரண்டு டம்ளர் கொதிநீரை ஊற்றி மூடிவையுங்கள், காலையில் வடிகட்டுங்கள். சேர்த்துக் கொதிக்கவிட வேண்டாம். நன்னாரியின் மணப்பொருள் வெனிலாவின் மணப்பொருளுக்கு நெருங்கிய சொந்தம். கொதித்தால் ஆவியோடு போய்விடும். கடைச் சர்பத்தில் இந்த வாசனையைவிடச் சீனிப்பாகுதான் அதிகம்.

பால் அரை லிட்டர். சிறு தீயில் வைத்து, ஓரத்தில் படியும் ஆடையைச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே, 300 மில்லி ஆகும்வரை காய்ச்சுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். பால் வற்ற வற்ற அதிலேயே இருக்கும் இனிப்பு செறிந்துவிடும், லேசாகப் பழுப்பேறி ஒரு வாசமும் வரும். ஆறியதும் அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். ஐஸ்க்ரீம் உருண்டைக்குப் பதில் அந்தப் பால் கட்டிகள். டம்ளரில் பிசின், மூன்று மேசைக்கரண்டி நன்னாரித் தண்ணீர், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சீனி, மேலே பால், பால் கட்டி. தலை தட்டி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தட்டினால் நான்கு, ஐந்து கிராம். குவித்தால் ஏழு கிராம்வரை போகும். கடை ருசி அப்படியே வருமா என்று கேட்டால், வராது. ஆனால் நன்றாக இருக்கும்.

குச்சி ஐஸ் வீட்டில் செய்யும்போது பலர் வந்து சொல்லும் புகார்: சீனியைக் குறைத்தால் கல் மாதிரி ஆகிவிடுகிறது, சப்பென்றும் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் உண்டு. கரைந்த சர்க்கரை தண்ணீர் உறைவதைத் தடுக்கிறது, அதனால்தான் கடை ஐஸ்க்ரீம் மெதுவாக இருக்கிறது. அப்புறம், நாக்கு குளிர்ந்தால் இனிப்பை உணர்வதும் குறைகிறது. உருகிய ஐஸ்க்ரீமைக் குடித்துப் பார்த்தால் தெகட்டுவது இதனால்தான். ஆகவே வீட்டுக் குச்சி ஐஸுக்குத் தண்ணீரான சாறு வேண்டாம், சதைப்பற்றான பழம் வேண்டும். நன்கு பழுத்த பங்கனப்பள்ளி மாம்பழக் கூழ் இரண்டு பங்கு, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர் ஒரு பங்கு, சிட்டிகை உப்பு; சீனியே வேண்டாம். வாழைப்பழமும் பாலும் சேர்த்து அரைத்தாலும் மெத்தென்று வரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கொடுங்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கு சேமியா ஐஸ் ஞாபகம் வரும். வேகவைத்த சேமியாவைக் கொஞ்சம் பாலில் கலந்து அச்சில் ஊற்றினால் அதுவும் ஆயிற்று.

வாரம் ஒரு நாள் கடை ஐஸ்க்ரீம் இருக்கட்டும். வாங்கும்போது "ஐஸ்க்ரீம்" என்று போட்டிருக்கிறதா, "ஃப்ரோசன் டெசர்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ்க்ரீம் என்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். மற்றதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். சர்க்கரை இரண்டிலும் தாராளம். தின்பது வாரம் ஒருநாள், அன்றைக்காவது நிஜமானதைத் தின்னட்டும் என்பது என் கட்சி. சர்க்கரை இல்லாதது என்று விற்பதைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். சிலவற்றில் சேர்க்கும் மால்டிடால் போன்ற இனிப்புகள் வயிற்றைக் கலக்கிவிடும்.

ஜூஸ் கடையில் "சீனி போடாதீங்க" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழம் பிழிகிறார்கள். அத்தனை பழத்தை உட்கார்ந்து உரித்துத் தின்ன யாராலும் எளிதில் முடியாது. சாறாக இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது, நார் குப்பைக்குப் போகிறது. அதனால் பழச்சாற்றின் இனிப்பையும் உலக சுகாதார நிறுவனம் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. தர்பூசணியைத் துண்டாகக் கொடுங்கள். கடையில் போடும் ஐஸையும் கவனியுங்கள்: சாப்பிட ஏற்றதல்லாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று 2018இலேயே உத்தரவு வந்திருக்கிறது. நீலம் தெரிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காலை 11 மணிக்கு என்ன தருவது என்று அடுத்து கேட்பீர்கள். கம்பங்கூழ். ராத்திரி புளிக்கவைத்த மாவைக் காலையில் காய்ச்சி, ஆறியதும் மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் போட்டுக் கொடுங்கள். தொட்டுக்கொள்ள மாங்காய்க் கீற்று; மாங்காயில் உள்ள வைட்டமின் சி, கம்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். மோர்மிளகாய் ஒன்று போதும், அது உப்பும் எண்ணெயும். மகன் கூழைத் தொடமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், மோரை மட்டும் கொடுங்கள்.

கணவருக்குத் தனியாக. அவருக்கு இந்தக் கோடைக்கு நீர்மோரும் நுங்கும்தான் முதல் நண்பர்கள். நுங்கைக் கண்ணெதிரே சீவித் தருபவரிடம் வாங்குங்கள், உரித்துத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பது வேண்டாம். இளசாக இருந்தால் தோலோடு சாப்பிடலாம். முற்றிக் கடுக்காய் ஆகிவிட்ட நுங்கைத் தின்றால் வயிறு வலிக்கும். இளநீர் நாளுக்கு ஒன்று போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிட்டாலோ அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பானகம், சர்பத், சாறு மூன்றும் அவருக்கு இப்போதைக்கு வேண்டாம். கூழ் குடித்தால் அன்றைய இட்லியில் இரண்டைக் குறைக்க வேண்டும். வீட்டு ஜிகர்தண்டாவை அவர் டம்ளரில் சீனி போடாமல் கலந்துவிடுங்கள்; வற்றிய பாலின் இனிப்பு இருக்கும், சின்ன டம்ளராக வாரம் ஒருநாள் போதும். மாம்பழம் நான்கைந்து துண்டு, அதுவும் சோற்றுக்குப் பின்னால் தட்டோடு வைக்காமல் நாலு மணிக்கு. பிள்ளைகளின் குச்சி ஐஸில் பாதியை அவர் கடித்துவிடுகிறாரா என்பதை மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.