காஷ்மியர் சாக்ஸ் குதிகால்ல சீக்கிரம் ஓட்டை விழுதே, ஏன்?

கேள்வி: 100% காஷ்மியர்னு லேபிள் பாத்து ரெண்டு ஜோடி சாக்ஸ் வாங்குனேன். ஒண்ணு மூணு மாசத்துலயே குதிகால்ல ஓட்டை, இன்னொண்ணு வாஷிங் மெஷின்ல போட்டதும் சுருங்கி குழந்தை சாக்ஸ் சைஸுக்கு வந்துடுச்சு. போலிய வித்துட்டாங்களா?

பதில்: போலின்னு உடனே சொல்லிட முடியாதுங்க, அசலா இருந்தாலும் இப்படி ஆகும், எனக்கு சொல்லப்போனா அசலா இருந்ததாலதான் இப்படி ஆயிருக்கும்னு தோணுது. காஷ்மியர்ங்கறது வெள்ளாட்டோட மேல் முடி இல்ல, குளிர தாங்க அதுக்கு அடியில வளர்ற பஞ்சு மாதிரி முடி, வசந்தத்துல சீவி எடுப்பாங்க. அமெரிக்க சட்டப்படி காஷ்மியர்னு லேபிள் ஒட்டணும்னா இழையோட சராசரி தடிமன் 19 மைக்ரானுக்கு (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) மேல போகக்கூடாது, அவ்ளோ மெல்லிசு. ஸ்வெட்டர், ஷாலுக்கு அருமை. ஆனா சாக்ஸ்? ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குதிகால் ஷூவோட உரசுது, அதை எப்படி தாங்கும்.

அதனால சாக்ஸுக்கு மட்டும் 100% வேண்டாம்னுதான் சொல்வேன். நைலான் கலந்திருக்கா, இழுத்தா நீண்டு திரும்ப சுருங்கற எலாஸ்டேன் இழை கொஞ்சம் இருக்கா, குதிகாலும் விரல் பக்கமும் தனியா தடிமனா பின்னியிருக்கான்னு பாருங்க. நைலான் கலந்தா கலப்படம்னு நினைக்காதீங்க, சாக்ஸ் உழைக்கறதே அதாலதான். ஆனா "காஷ்மியர் டச்", "காஷ்மியர் ஃபீல்"னு மட்டும் எழுதியிருந்தா அது பெரும்பாலும் அக்ரிலிக் மாதிரி செயற்கை இழையா இருக்கும், உள்ள தைச்சிருக்கற சின்ன லேபிள்ல சதவீதத்த படிச்சுட்டு வாங்குங்க. தொட்டதும் புசுபுசுன்னு இருந்தா மயங்கிடாதீங்க, விரலால கொஞ்சம் தேய்ச்சுப் பாருங்க, உடனே முடி உதிர்ந்து உருண்டை கட்டுச்சுன்னா இழை குட்டைன்னு அர்த்தம். வெளிச்சத்துல பிடிச்சா பின்னல் நெருக்கமா தெரியணும். சைஸும் சரியா இருக்கணும், லூஸா இருந்தா உள்ள நகர்ந்து நகர்ந்தே தேஞ்சுடும்.

சுருங்குனது துவைச்ச விதத்தால. இந்த இழைமேல மீன் செதில் மாதிரி செதில் இருக்கு, சூடும் ஈரமும் சேர்ந்து மெஷின் போட்டு குலுக்குனா செதில்கள் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், அதை திரும்ப பழைய மாதிரி ஆக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க. இனிமே பக்கெட்ல குளிர்ந்த தண்ணி, கம்பளிக்குன்னு விக்கற லிக்விட் கொஞ்சம், உள்புறம் வெளிய திருப்பி மெதுவா அமுக்கி அலசுனா போதும். சாதாரண டிடர்ஜென்ட்ல புரதக் கறைய கரைக்கற என்சைம் இருக்கும், காஷ்மியரும் நம்ம தலைமுடி மாதிரி புரதம்தான், அதையும் சேர்த்து அரிச்சுடும். ப்ளீச் கிட்டயே கொண்டு போகாதீங்க. முறுக்கிப் பிழியாம டவல்ல சுருட்டி அமுக்கி தண்ணிய எடுத்துட்டு நிழல்ல படுக்கப்போட்டு காய வைங்க, கொடியில தொங்கவிட்டா இழுபட்டுடும்.

ஒரே ஜோடிய தினமும் போடாம நடுவுல ஒரு நாள் விடுங்க. சீசன் முடிஞ்சு எடுத்து வைக்கும்போது துவைச்சுட்டுதான் மூடுற டப்பால வைக்கணும், வேர்வை படிஞ்ச கம்பளிதான் அந்துப்பூச்சி புழுவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஓட்டை விழுந்த ஜோடிய தூக்கிப் போட்டுடாதீங்க. ஓட்டை சின்னதா இருக்கும்போதே நைலான் கலந்த கம்பளி நூல ஊசில கோத்து குறுக்கும் நெடுக்குமா இழையோட்டுங்க, இன்னும் ஒரு சீசன் போடலாம்.