கன்றில்லாத காடு

அன்புள்ள ஐயா,

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்கள் வயலுக்குப் பின்னால், கோயிலை ஒட்டி நாலு ஏக்கர் காடு மிஞ்சியிருக்கிறது. பாலையும் வீரையும் பெருமரங்களாக நிற்கின்றன. ஆண்டுதோறும் பூக்கின்றன. சாமிக்குப் பயந்து யாரும் கோடரி வைப்பதில்லை. ஆனால் மரத்தடியில் ஒரு மரக்கன்றுகூட இல்லை. ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணாந்து பார்ப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். பாலை மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும் மரம். அதனால் இனப்பெருக்கம் நின்றுபோன பிறகும் காடு பல தலைமுறைக்குப் பசுமையாகத் தெரியும்.

வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நாலு ஏக்கருக்குள் ஆண் மரம் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தால், மகரந்தம் வெளியிலிருந்து வரவேண்டும். அதைச் சுமக்கும் பூச்சியோ பூச்சிநாசினி அடித்த வயலைக் கடந்து வரவேண்டும். 89 தாவர இனங்களைப் பற்றிய ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, தன் மகரந்தத்தால் காய்க்க முடியாத இனங்களே, பெருங்காட்டிலிருந்து துண்டுபட்டுத் தனித்து நிற்கும் துண்டுக் காடுகளில் அதிகம் அடிபடுவது தெரிந்தது. அடுத்த முறை பூக்கும்போது எந்த வீரை ஆண், எது பெண் என்று குறித்துவையுங்கள்.

பாலைக்குச் சிக்கல் பழுத்த பிறகு. அந்தப் பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் போடுகிறவை கரடியும் இருவாட்சிப் பறவையும் குரங்கும். கரடி நாலு ஏக்கரில் தங்காது. (சந்தையில் பாலைப்பழம் வாங்கித் தின்று சீமெந்து முற்றத்தில் கொட்டையைத் துப்பும் நம்மால் எந்தப் பயனும் இல்லை.) தாய்மரத்தடியிலேயே குவிந்த விதைகளை எலியும் வண்டும் எளிதில் கண்டுபிடித்துவிடும்.

தப்பிய விதைக்கும் நிலம் ஒத்துழைக்க வேண்டும். பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே, மேய்ச்சல் நிலங்களுக்கிடையே விடப்பட்ட காட்டுத் துண்டுகளை 1979 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே மரநிழலில் வளரும் ஹெலிக்கோனியா என்ற செடியின் விதைகளை ஊன்றிப் பார்த்தார்கள். துண்டுகளைவிடப் பெருங்காட்டில் முளைக்கும் வாய்ப்பு மூன்று முதல் ஏழு மடங்கு அதிகமாக இருந்ததாக 1999இல் வெளியான முடிவு சொல்கிறது. ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணை உலர்த்துவது இதற்கு ஒரு காரணம். அது மழைக்காடு, நம்முடையது வரண்ட காடு; கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் நம் பாலை ஆனி, ஆடியில் பழம் உதிர்க்கிறது, மழையோ ஐப்பசியில்தான். இடைப்பட்ட மாதங்களில் கச்சான் காற்று நாலு பக்கமும் புகுந்து சருகைக் கூட்டிக்கொண்டு போகும் துண்டில் விதை என்ன பாடுபடும்!

இத்தனைக்கும் தப்பி முளைத்ததைக் கட்டாக்காலி மாடு மேய்ந்துவிடும். உங்கள் காட்டில் முதற்குற்றவாளி மாடுதானா என்று அறிய, ஒரு மூலையை முள்ளடைத்து இரண்டு மாரி பொறுத்துப் பாருங்கள். அடைத்த இடத்தில் மட்டும் கன்று வந்தால் வேலி போதும். அங்கும் வராவிட்டால், பூச்சியும் பறவையும் வந்துபோக வழியாக, வாய்க்கால் கரையோரமாகப் பெரிய காடுவரை நாட்டு மரங்களை வரிசையாக நட ஊராரிடம் பேசுங்கள். தேக்கு வேண்டாம். நாற்றுக்கு விதை எடுக்கும்போது ஒரே மரத்தடியில் பொறுக்காமல், வெளிக்காட்டின் பல மரங்களிலிருந்தும் எடுங்கள்.