ட்ரம்போலினில் துள்ளும் பிள்ளைகள்: கொழும்புப் பௌதிகவியல் ஆசிரியரின் கேள்வி பதில்

வெள்ளவத்தைத் தாய்: "ட்ரம்போலின்தான் என்னைத் தூக்கி எறியுதா?" என்று எட்டு வயது மகள் கேட்கிறாள். என்ன சொல்ல?

பதில்: ட்ரம்போலினும் அவளுடைய கால்களும் சேர்ந்துதான் தூக்குகின்றன, தங்கச்சி. விழும்போது உள்ள இயக்க சக்தி, துள்ளும் பாயைச் சுற்றியுள்ள சுருள்வில்களை இழுத்து, மீள்தன்மை அழுத்த சக்தியாக, அதாவது இழுபட்ட வில்லில் அடங்கியிருக்கும் சக்தியாகச் சேரும். வில்கள் சுருங்கும்போது அது பிள்ளைக்குத் திரும்பி வரும், ஆனால் முழுதாக வராது. ஒரு பகுதி வெப்பமாகவும் சத்தமாகவும் போய்விடும். அந்தக் குறையை நிரப்புவது காலின் உதை. இதை நீங்கள் விளக்கவே வேண்டாம். "இப்ப உதைக்காமல் நில்லு பாப்பம்" என்று விடுங்கள். துள்ளல் அடங்குவதைப் பார்த்து அவளே சொல்வாள்.

கொட்டாஞ்சேனைத் தந்தை: உச்சியில் மட்டும்தான் நிறை தெரியாது என்று மகனிடம் சொன்னேன். சரியா?

பதில்: இல்லை, தம்பி. என் மாணவரிடம் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான். பாதம் பாயை விட்டதிலிருந்து திரும்பத் தொடும்வரை, ஏறும்போதும்கூட, அவனுக்கு நிறை தெரியாது. புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது. தாங்குவதற்குத்தான் கீழே ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, மூடியைக் கழற்றி, தண்ணீர் பீறிடும்போது கையை விடுங்கள். விழும் நேரத்தில் தண்ணீர் வராது. போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். காலிமுகத் திடலில் செய்தால் தரை நனையும் கவலையும் இல்லை.

பம்பலப்பிட்டி ஆசிரியை: துள்ளும் உயரத்தை எப்படி அளக்கலாம்?

பதில்: பிள்ளை அந்தரத்தில் இருக்கும் நேரத்தைச் செக்கனில் எடுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 1.225 ஆல் பெருக்கினால் உயரம் மீற்றரில் வரும். 0.8 செக்கனுக்கு ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர்.

அதே ஆசிரியை: ட்ரம்போலினை முதலில் செய்தது யார்?

பதில்: இன்றைய வடிவத்தை 1930களில் அமெரிக்காவின் ஐயோவாவில் ஜோர்ஜ் நிசனும் லாரி கிரிஸ்வோல்டும் உருவாக்கினார்கள். 2000 இல் சிட்னியில் ஒலிம்பிக் போட்டியானது.

மட்டக்குளி அம்மம்மா: தகப்பனும் பேரனும் சேர்ந்து துள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. 80 கிலோ தகப்பன் 20 சென்ரிமீற்றர் விழுந்து கொடுக்கும் சக்தி முழுதும் 20 கிலோப் பிள்ளைக்குப் போனால், அவன் 80 சென்ரிமீற்றர் கூடுதலாக எறியப்படுவான். அதைவிட மோசம், பாய் மேலே எழும்பும் நேரத்தில் அவன் கீழே வந்து இறங்குவது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறட்டும். பேரனுக்கு ஆறு வயது ஆகவில்லையென்றால் இன்னும் கொஞ்சக் காலம் பொறுங்கள். அதுவரை பந்தைத் தட்டி, அது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று சுவரில் கோடு போட்டுப் பார்க்கட்டும்.