வலப்பக்கம் ஒதுங்கி இடப்பக்கம் திரும்பும் லாரி: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டச் சாலைகளில் ஓடும் டாரஸ் (பல சக்கரக் கனரக லாரி), டிரெய்லர், கன்டெய்னர் லாரிகளின் விபத்துகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

முன்னால் போன டிரெய்லர் ஒரு முக்கில் வலப்பக்கமாக ஒதுங்கியது. வழிவிடுகிறது என்று இடப்பக்கம் பைக்கை விட்டேன். சட்டென்று இடப்பக்கமே திரும்பிவிட்டது. மயிரிழையில் தப்பினேன். டிரைவரின் அலட்சியம்தானே? – கல்லூரி மாணவர், அழகியமண்டபம்

அலட்சியம் இல்லை; அந்த வண்டி அப்படித்தான் திரும்ப முடியும். நீளமான வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் வராது. வளைவின் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீள நீள, முக்கு குறுகக் குறுக இந்த வெட்டு கூடும். இடது ஓரத்தை ஒட்டியே திருப்பினால் பின்சக்கரம் ஓடையில் இறங்கும், இல்லையென்றால் கடைப்படியில் ஏறும். அதற்காகத்தான் முதலில் வலப்பக்கம் அகட்டுகிறார். அப்போது இடப்பக்கம் திறக்கும் இடைவெளி உங்களுக்கான வழி அல்ல, இன்னும் சில நொடியில் பின்சக்கரம் வந்து சேரும் இடம். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காதீர்கள். எந்த இண்டிகேட்டர் எரிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருகிறார். ஆகவே இடது கதவை ஒட்டிய பகுதிதான் அவருக்குப் பெரிய குருட்டுப் பகுதி. முன்பெல்லாம் கிளீனர் அந்தப் பக்கம் தலையை நீட்டிக் குரல் கொடுப்பார். இன்று பல வண்டிகளில் டிரைவர் ஒற்றை ஆள். முன் பம்பரை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டரும், பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் காரும்கூட அவர் கண்ணில் படாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. தெரிந்தால்கூட அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமில்லை.

விபத்து நடந்ததும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்கிறார்கள். பிறகு சோதித்தால் பிரேக் நன்றாக இருக்கிறது. பொய்தானே? – வாசகர், குலசேகரம்

பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் நிற்கும் வண்டியில் பிரேக் வேலை செய்வதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது.

லாரிகளில் இருப்பது ஏர் பிரேக். கம்ப்ரசர் டாங்கில் நிரப்பும் காற்று, பெடலை மிதித்ததும் சக்கரத்தருகே உள்ள சேம்பர் என்ற காற்றறைக்குப் போய்த் தண்டைத் தள்ளும். லைனிங் என்ற உராய்வுப் பட்டை விரிந்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மைப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் பெடலிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் டிரம் கொதிக்கும். கொதித்த டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். சூடேறிய லைனிங்கின் பிடிமானமும் குறையும். தண்டு வழக்கத்தைவிட அதிக தூரம் தள்ள வேண்டியிருக்கும். லைனிங் ஏற்கெனவே தேய்ந்து, தேய்மானத்துக்கு ஏற்பத் தண்டின் ஓட்டத்தைக் குறைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் முறையாகச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் தண்டு தன் எல்லையை முட்டி நின்றுவிடும். பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. டிரம் ஆறியபின் சோதித்தால் ஓரளவு பிடிக்கும். அதனால் பார்க்க வேண்டியது தண்டின் ஓட்டம், லைனிங்கின் கனம், டிரம்மில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு.

இதில் டிரைவர் தரப்புத் தவறுகளும் உண்டு. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது போய்விடும், புகையை அடைத்து இன்ஜினை இழுக்கவைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயன்படாது. பெடலை விட்டு விட்டு அடித்தால் ஒவ்வொரு முறையும் காற்று வெளியேறும். கம்ப்ரசரால் ஈடுகொடுக்க முடியாது. 'காற்று முழுக்கப் போனால் லாரி தறிகெட்டு ஓடும்' என்பதும் பாதி உண்மைதான். பார்க்கிங் பிரேக்கை விலக்கி வைத்திருப்பதே காற்றுதான். அது போனால் ஸ்பிரிங் தானாகப் பின்சக்கரங்களை இறுக்கும். அதற்கு முன்பே பஸ்ஸர் கத்தும். கத்தியும் ஓட்டினார் என்றால் அது பிரேக்கின் குற்றமல்ல.

அதிக பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துச் சக்கர டிப்பருக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28 டன் கணக்கில்தான் பிரேக் அமைகிறது. 40 டன் ஏற்றினால் அதே டிரம் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000.

காலி லாரி சட்டென்று நிற்கும்தானே? – வாசகர், திங்கள்நகர்

நிற்காது. முழு பாரத்துக்கு அமைத்த பிரேக்கும் சஸ்பென்ஷனும் காலி வண்டியில் சக்கரத்தைத் துள்ளவைத்துப் பூட்டும். மழையில் வழுக்கிக்கொண்டே போகும். பாரத்தோடு, நல்ல நிலையில் உள்ள லாரியே 60 கி.மீ. வேகத்தில் நிற்க 60 மீட்டர் ஆகும்: டிரைவர் சுதாரிக்க ஒன்றரை நொடியில் 25 மீட்டர், காற்று பிரேக்கைச் சென்றடைய அரை நொடியில் 8 மீட்டர், மீதி பிரேக் பிடித்தபின். மூன்று கிரிக்கெட் பிட்ச் நீளம். அந்த இடைவெளியில் நுழைபவர்கள்தான் ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள்!

ஆரல்வாய்மொழியில் அடிக்கும் காற்று அவ்வளவு பெரிய கன்டெய்னரை என்ன செய்துவிடும்? – வாசகர், செண்பகராமன்புதூர்

நாற்பதடி கன்டெய்னரின் ஒரு பக்கமே 30 சதுர மீட்டருக்கு மேல். காலிப் பெட்டியின் எடை நான்கு டன்னைத் தாண்டாது. பக்கவாட்டில் காற்று அடித்தால் அது பாய்மரம்தான். ஆனி, ஆடியில் அதை ஒட்டிப் போகாதீர்கள். இரு சக்கர வண்டிக்கு ஆபத்து லாரியைத் தாண்டி முடிக்கும் நொடியில் இருக்கிறது: அதுவரை லாரி மறைத்த காற்று மொத்தமாக வந்து அறையும், ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும். காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது, முதல் பதிலில் சொன்ன உட்பக்க வெட்டுக்குத் தலைகீழான ஆபத்தும் உண்டு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனை வளைவின் வெளிப்பக்கம் வீசும். அதற்கு வழிகாட்டி வரும் பைலட் வண்டி நிறுத்தச் சொன்னால் நின்றுவிடுங்கள்.

நின்ற லாரியின் பின்னால் மோதினால் மோதியவர் மேல்தானே தவறு? – பூ வியாபாரி, தோவாளை

எப்போதும் அல்ல. விளக்கோ எச்சரிக்கை முக்கோணமோ இல்லாமல் சாலையில் நிறுத்தியிருந்தால் லாரி தரப்பும் பதில் சொல்ல வேண்டும். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் ஒளிர்பட்டை இருந்ததா, சேறு மூடியிருந்ததா, பின்பக்கத் தடுப்புக் கம்பி வளைந்து மேலே ஏறியிருந்ததா என்று வண்டியை நகர்த்தும் முன் படம் எடுத்துவிடுங்கள். முக்கோணத்துக்குப் பதில் மரக்கிளையை ஒடித்துப் போட்டால் விடியற்காலை இருட்டில் யாருக்கும் தெரியாது. முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும்.

கேரள லாரி மோதி என் கணவருக்குக் கால் போனது. வழக்கைக் கேரளத்தில்தான் போட வேண்டும், என் கணவரிடம் லைசென்ஸ் இல்லாததால் பணமும் கிடைக்காது என்கிறார்கள். – வாசகி, களியக்காவிளை

இரண்டும் தவறு, அம்மா. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எந்த இடத்தின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். லைசென்ஸ் இல்லாதது தனிக்குற்றம். அதனாலேயே விபத்துக்கு அவர் காரணமாகிவிட மாட்டார். அவர் பக்கம் தவறு இருப்பதாகத் தெரிந்தாலும் அந்தப் பங்கு அளவுக்குத் தொகை குறையுமே தவிர மனு தள்ளுபடியாகாது. 'பெரிய வண்டி மேல்தான் கேஸ், பணம் தானாக வரும்' என்ற எதிர்முனைப் பேச்சையும் நம்ப வேண்டாம். முழு இழப்பீடு கேட்டால் லாரி டிரைவரின் கவனக்குறைவை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது சட்டம், தள்ளிப்போடாதீர்கள். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும்.

டிரைவர் ஓடிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? – வாசகர், இரணியல்

இல்லை. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்வது டிரைவரின் கடமை என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாத நிலையையும் ஏற்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அப்படியும் சொல்லாமல், எந்த வண்டி என்றே கண்டுபிடிக்க முடியாமல் போனால், இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள்.