பின்கட்டு அறையில் யார் படுக்கிறார்கள்?

கேள்வி: அக்கா, நான் குஜராத்தில் பூஜ் நகரில் இருக்கிறேன். அப்பா காண்ட்லா துறைமுக வேலைக்கு வந்தவர், நான் வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். சொந்த வீடு. முன்பக்கம் 2001 பூகம்பத்துக்கு அப்புறம் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். பின்கட்டில் மட்டும் ஓடு போட்ட பழைய கல் அறை ஒன்று, ஸ்டோர் ரூமாகவும் அம்மா படுக்கிற இடமாகவும் இருக்கிறது, அவருக்கு அங்கே பழகிவிட்டது. வீட்டுக் கடன் முடிந்தது, வங்கி போட்டிருந்த காப்பீடும் அதோடு முடிந்தது. மகன் புதிதாக எடுக்கச் சொல்கிறான். பெரிய பூகம்பம்தான் வந்து போய்விட்டதே, இனி நூறு இருநூறு வருஷம் வராது என்கிறார்கள் ஊரில். பாலைவன ஊர், வெள்ள பயமும் இல்லை. வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவது தண்டச் செலவா, அவசியமா?
— பெயர் வேண்டாம், பூஜ்

பதில்: தம்பி, பிரீமியத்தைப் பற்றி அவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். அம்மா எங்கே படுக்கிறார் என்பது ஸ்டோர் ரூமோடு சேர்த்து அரை வரியில் வந்து போகிறது. நான் அந்த அரை வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். காப்பீடு அதற்குள்ளேயே வந்துவிடும்.

2001 ஜனவரி 26, காலை 8:46. குடியரசு தினம். அஞ்சார் ஊரில் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது குறுகலான தெருவின் இரண்டு பக்க வீடுகளும் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப் போனார்கள். உங்கள் ஊரில் கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய பூஜ் மண்மேடாகக் கிடந்தது. அரசுக் கணக்குப்படியே 13,000 பேருக்கு மேல் போனார்கள். இதையெல்லாம் அந்த ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களில் மிகப் பலரைக் கொன்றது எது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். உங்கள் பின்கட்டில் நிற்கிற மாதிரியான கல் சுவர்தான்.

அந்தச் சுவரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கல் பெரும்பாலும் இருக்காது. தரை ஆடினால் இரண்டு முகமும் பிரிந்து ஒன்று வெளியே விழும், ஒன்று உள்ளே விழும். மேலே இருக்கிற ஓட்டுக்கூரை சுவரோடு கட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருக்கும், சுவர் போனதும் அது கீழே வரும், மரமும் ஓடுமாக. கட்டில் தலைமாட்டு மூலையில் மேலிருந்து கீழே ஓடுகிற விரிசல் இருக்கிறதா? இருந்ததைப் பூசி வெள்ளையடித்தீர்களா? அப்படியானால் அந்த இரண்டு சுவரும் ஒன்றையொன்று விட்டு எப்போதோ பிரிந்துவிட்டன, மேலே பூச்சு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

2001ஐ அந்த அறை தாங்கிவிட்டதே என்பீர்கள். தாங்கிய சுவர் பலமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தப்பு. ஒருமுறை ஆட்டம் கண்ட கல் கட்டடம் உள்ளுக்குள் தளர்ந்துபோய் நிற்கிறது, அடுத்த தடவை அதைவிடச் சின்ன ஆட்டமே போதும்.

இனி வராது என்று சொன்னவர் யார்? உங்கள் கட்ச் மாவட்டத்தில் 1819இல் வந்த பூகம்பம் ரண் என்கிற உப்புச் சதுப்பு நிலத்தையே ஒரு பக்கம் தூக்கி நீண்ட கரை மாதிரி நிறுத்திவிட்டது, அதைத்தான் அல்லா பந்த் என்கிறார்கள். அப்புறம் 1956இல் அஞ்சார். அப்புறம் 2001. முதல் இரண்டுக்கும் நடுவே 137 வருஷம், அடுத்ததற்கு 45 வருஷம்தான். இதில் நூறு இருநூறு வருஷக் கணக்கு எங்கே இருக்கிறது? கட்ச்சுக்கு அடியில் பூகம்பத்தைக் கிளப்புகிற நிலப்பிளவு ஒன்றே ஒன்று மட்டும் இல்லை. கட்ச் மெயின்லேண்ட் பிளவு ஒன்று, உங்கள் ஊருக்குத் தெற்கே காட்ரோல் குன்றுகளை ஒட்டி ஓடுவது இன்னொன்று, இன்னும் இருக்கின்றன. 2001இல் உடைந்தது ஒன்று. அதனால் மற்றவற்றின் பாக்கி தீர்ந்துவிடாது. நிலநடுக்க வரைபடத்தில் கட்ச்சை ஐந்தாம் மண்டலத்தில், கடுமையான ஆபத்துள்ள இடங்களோடு, வைத்திருந்ததும் சும்மா இல்லை. பாலைவனம், காய்ந்த பூமி என்ற தைரியமும் வேண்டாம். 2001இல் ரண்ணில் தரை பிளந்து தண்ணீரும் மணலும் பீய்ச்சியடித்தன.

சரி, காப்பீடு. எடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்கின்றன. தீ, பூகம்பம், புயல், வெள்ளம் எல்லாம் அதில் உண்டு. வெள்ள பயமில்லை என்கிறீர்கள், 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் உங்கள் கட்ச் கடற்கரையில் ஜக்காவ் பக்கம்தான் கரையேறியது. தொகையைத் திரும்பக் கட்டும் செலவுக்குப் போடுங்கள். வீடு என்ன விலைக்குப் போகும் என்பது இங்கே கணக்கில்லை, மனை எங்கேயும் போகாது, அதற்குப் பிரீமியம் கட்டாதீர்கள். சதுர அடிக்கு இன்றைக்கு உங்கள் ஊர்க் கொத்தனார் என்ன கேட்கிறார், அதைப் பரப்பளவால் பெருக்குங்கள், அவ்வளவுதான். வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வரும். நகை அதில் சேராது, வேண்டுமானால் தனியாகச் சேர்க்கலாம். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகையும் தருவார்கள். பத்து வருஷம் வரை ஒரேயடியாக எடுக்கலாம். சாதாரண வீட்டுக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கடன் இருந்தவரை வங்கி தன் பணத்துக்காகப் போட்டு வைத்தது, கடன் முடிந்ததும் உங்கள் பணத்துக்காகப் போட உங்களுக்கு மனசு வரவில்லை என்றால் நான் என்ன சொல்வது.

ஆனால் விண்ணப்பத்தில் கட்டடத்தின் வயதும் சுவர், கூரை வகையும் கேட்பார்கள். பின்கட்டை மறைத்து எல்லாமே கான்கிரீட் என்று எழுதிவிடாதீர்கள், நாளைக்கு இழப்பீடு கேட்டுப் போகும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள். உள்ளதை எழுதுங்கள். கல் சுவர், ஓட்டுக்கூரை, இத்தனை வருஷப் பழசு. அப்படி உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, அதற்குள் அம்மாவைப் படுக்க வைப்பீர்களா?

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பாலிசியில் கூடுதலாக ஒரு தனிநபர் விபத்துக் காப்பு எடுத்துக்கொள்ளலாம், பூகம்பம் மாதிரி ஒன்றில் வீடு போய் உயிரும் போனால் ஆளுக்கு 5 லட்சம். யாருக்கு? பாலிசி எடுத்தவருக்கும், அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும். அம்மாவுக்கு அதில் இடமே கிடையாது. காப்பீட்டுக்காரனுக்கு அது வியாபாரம், அவன் கணக்கில் அம்மா வரவேண்டியதில்லை. மகனான உங்கள் கணக்கில் வர வேண்டாமா?

"அவருக்கு அங்கே பழகிவிட்டது." இதே வரி எனக்கு எத்தனையோ ஊரிலிருந்து வருகிறது, தம்பி. மாடிப்படிக்கு அடியில் படுக்கிற மாமியாருக்கும் பழகிவிட்டது, பால்கனியை அடைத்துப் படுக்க வைத்த அப்பாவுக்கும் பழகிவிட்டது. வயதானவர்கள் தங்களால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று எதையும் பழகிக்கொள்வார்கள். நல்ல அறை பையன் படிப்புக்கு, ஏசி அறை மருமகளுக்கு, நமக்கென்ன என்று அவர்களே மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார்கள். அவர் போனார் சரி, நீங்கள் ஏன் விட்டீர்கள்? வீட்டிலேயே பலமான அறை வீட்டில் மூத்தவருக்கு. ஆட்டம் வந்தால் உங்கள் பிள்ளை எழுந்து ஓடுவான், அவர் செருப்பைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, உங்கள் வீட்டில் யார் முகம் சுளித்தாலும் சரி.

பின்கட்டை இடிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், மேஸ்திரி போதாது. சுவரைத் துளைத்து இரண்டு முகத்தையும் சேர்த்துக் கட்டுவது, கதவு ஜன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் இரண்டு பக்கமும் கம்பி வலை வைத்துப் பூசி பெல்ட் போடுவது, கூரை மரத்தைச் சுவரோடு இறுக்குவது என்று செய்ய வழி இருக்கிறது. 2001க்கு அப்புறம் கட்ச்சில் இதையெல்லாம் செய்து பழகிய ஆட்கள் உண்டு, உங்கள் ஊரில் கிடைக்காமல் போகாது. செலவு கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னால் மட்டும் இடியுங்கள்.

அதுவரைக்கும் அந்த அறையில் சாமான் மட்டும் இருக்கட்டும். மகனிடம் சொல்லி அவன் கட்டிலை ஹாலுக்கு மாற்றுங்கள், காப்பீடு எடு என்று உங்களுக்கே புத்தி சொல்கிற பிள்ளை, பாட்டிக்காக இதைச் செய்யாமல் இருக்க மாட்டான். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், படுக்கையை எடுத்துக்கொண்டு வந்து இன்று ராத்திரியே முன்பக்க அறையில் விரியுங்கள். பாலிசி அடுத்த வாரம் எடுத்தாலும் போதும்.