பழைய காரின் வேக்குவம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு) இறுகிவிட்டது. சரிசெய்ய முடியுமா, புதிதாகத்தான் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆனால் எது இறுகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்: டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வட்ட டப்பாவா, அல்லது அது இழுக்கிற உள் தட்டா? இதைப் பார்க்காமல் ஒரு நல்ல டப்பாவை நானே சாகடித்திருக்கிறேன்.

என் கார் 1967 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். கார் ஓடியது, ஆனால் சீரான வேகத்தில் போகும்போது மந்தமாக இருந்தது, பெட்ரோலையும் அதிகமாகக் குடித்தது. மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். பாயின்ட் தட்டு, அதாவது ஸ்பார்க்கைத் தூண்டும் மின் தொடுமுனைகள் (பாயின்ட்) உட்கார்ந்திருக்கும் அந்த உள் தட்டு, அசையவே இல்லை. டப்பா இறுகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, அதன் கம்பியை பிளையரால் பிடித்து ஒரு இழு இழுத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், கம்பி வந்துவிட்டது. சந்தோஷமாக மறுபடி உறிஞ்சினால் காற்று தாராளமாக வருகிறது. டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, டயாபிரம், கிழிந்துபோயிருந்தது. சரி என்று புது டப்பா வாங்கி மாட்டினேன். அதுவும் அசைக்கவில்லை! உண்மையில் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கிடந்தது தட்டுதான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். டப்பாவுக்குள் ஒரு ரப்பர் டயாபிரம், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஆக்சிலேட்டரைப் பாதியளவே மிதித்திருக்கும்போது என்ஜினுக்குள் போகும் கலவை அடர்த்தி குறைவாக இருப்பதால் மெதுவாக எரிகிறது. அதற்கு ஸ்பார்க் கொஞ்சம் முன்கூட்டியே விழ வேண்டும். அந்த நேரத்தில் உறிஞ்சு விசை நன்றாக இருக்கும், அது டயாபிரத்தை இழுக்கும், டயாபிரம் தட்டைத் திருப்பும். முழுசாக மிதித்தால் உறிஞ்சு விசை ஏறக்குறைய போய்விடும், ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அதனால்தான் இது வேலை செய்யாவிட்டாலும் கார் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல பேர் வருஷக்கணக்கில் கவனிப்பதே இல்லை.

சோதிக்க ஒரு கை வேக்குவம் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாயால் உறிஞ்சி, குழாய் முனையை நாக்கால் அடைத்துப் பிடியுங்கள் (பெட்ரோல் வாடை வரும், முனையைத் துடைத்துக்கொள்ளுங்கள்). பம்பில் 15 இன்ச் மெர்க்குரி (உறிஞ்சு விசையின் அளவு) வரை இழுத்து ஒரு நிமிஷம் விடுங்கள். முள் இறங்கினால் டயாபிரம் போச்சு, மாற்றத்தான் வேண்டும். முள் அப்படியே நிற்கிறது, தட்டும் அசையவில்லை என்றால் டப்பா பிழைத்திருக்கிறது, இறுகியது தட்டு. இரண்டும் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வண்டியில் மட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால், கார்புரேட்டரில் குழாய் சேரும் சின்னத் துளை அடைத்திருக்கிறதா, ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டுதான் காரணம் என்றால், கம்பியைத் தட்டின் முளையிலிருந்து கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு விரலால் லேசாகத் தள்ளினால் தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுத்துவிடுவது எளிது. எடுக்கும் முன் ரோட்டர் (மூடிக்குள் சுற்றும் கை) எங்கே பார்க்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் என்ஜினில் எந்தக் கோணத்தில் இருக்கிறது இரண்டையும் கோடு போட்டு வையுங்கள். தட்டைக் கழற்றி, காய்ந்த கிரீஸை பிரேக் கிளீனரால் கழுவி, உராயும் இடங்களில் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். துளி என்றால் துளிதான், பாயின்ட் முனையில் பட்டால் வேறு தலைவலி. துருவைத் தளர்த்தும் ஸ்பிரேயை டப்பாவின் குழாய்க்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். பழைய ரப்பர் ஊதிப்போகும். அதே சமயம் அசையும் தட்டிலிருந்து உடலுக்குப் போகும் மெல்லிய எர்த் ஒயரையும் பாருங்கள். தட்டு அசைந்து அசைந்து அது உள்ளேயே அறுந்திருக்கும், மேலுறை மட்டும் முழுசாகத் தெரியும். தட்டு திருகும்போது மட்டும் மிஸ்ஃபயர் ஆகும். இதைத் தேடி நான் இரண்டு வார இறுதிகளைத் தொலைத்தேன்.

மாற்றுவதானால் உருவம் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். லூகாஸ் டப்பாவில் 5-13-10 மாதிரி மூன்று எண் பொறித்திருக்கும். 5 இன்ச் மெர்க்குரியில் அசையத் தொடங்கும், 13-இல் முழுசாக இழுக்கும், அதிகபட்சம் 10 டிகிரி என்று பொருள். அந்த 10 டிகிரி டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் என்ஜினில் 20 டிகிரி. மூன்றாவது எண் அதிகமாக உள்ளதை மாட்டினால் ஸ்பார்க் அளவுக்கு மீறி முந்தும், லேசான ஏற்றத்தில்கூட நாக்கிங் (என்ஜினுக்குள் தட்டுவது போன்ற சத்தம்) கேட்கும். அபூர்வமான மாடல் என்றால் பழைய டப்பாவைத் தூக்கிப் போடாமல் டயாபிரம் மாற்றிக் கொடுப்பவர்களிடம் கொடுங்கள். விளிம்பை மடித்து மூடியிருப்பார்கள், வீட்டில் பிரித்தால் மறுபடி காற்றுப் புகாமல் மூடுவது கஷ்டம்.

25டி4-இல் டப்பாவைக் கழற்றும்போது அதன் திருகுத் தண்டின் நுனியிலுள்ள குட்டி சர்க்லிப்பும் (வளையக் கிளிப்), சொரசொரப்பான நட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் நட்டை அளவுகோட்டின் நடுவில் வைத்து, ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிங்கில், ஸ்பார்க் விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டால் சரிசெய்யுங்கள். பிறகு அதே லைட்டைப் பிடித்தபடி பம்பால் உறிஞ்சினால் கிராங்க் கப்பியிலுள்ள டைமிங் குறி நகர்ந்து, என்ஜின் வேகமும் கொஞ்சம் ஏறும்.